எதிர்வாடையில் ஆஸ்பத்திரி, இந்த வாடையில் 12 பிணம்!

ஜுரம் 104 டிகிரி என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? நெற்றியில் ஈரத்துணி போடுவோம். வண்டி தேடி ஓடுவோம். 105 என்றால் வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அழுதே விடுவார்கள். அமெரிக்காவில் புளோரிடா ராஜ்யத்தில் ஹாலிவுட் என்று ஓர் ஊர் இருக்கிறது. சினிமா எடுக்கும் ஹாலிவுட் வேறு, இது வேறு. அந்த ஊரில் ஒரு முதியோர் விடுதியிலிருந்து 2017 செப்டம்பர் 13-ந் தேதி விடியற்காலையில் தூக்கி வரப்பட்ட கிழவர் கிழவிகள் சிலருடைய உடம்பில் 107 டிகிரிக்கு மேல் உஷ்ணம் இருந்தது. ஒருவருக்கு 109.9! வியாதியால் வந்த ஜுரமல்ல இது. கட்டிடத்தின் வெக்கை உடம்புக்குள் ஏறியது. 12 பேர் மாண்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்த சர்க்கார் டாக்டர் அந்த 12 சாவையும் மனிதர் கையால் நேர்ந்த கொலை என்றே பதிவு செய்தார்.

இதிலே நெஞ்சைச் சுடுகிற சங்கதி வேறொன்று. அந்த விடுதிக்கு எதிர்வாடையிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. தெருவைக் கடந்தால் போதும். அங்கே விளக்கு எரிந்தது, குளிர்சாதனம் ஓடியது, டாக்டர்கள் இருந்தார்கள். இந்த வாடையில் இரண்டரை நாளாக மனிதர்கள் வெந்துகொண்டிருந்தார்கள்!

"அமெரிக்காக் கிழவர்கள் செத்ததற்கு ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். கவலைப்பட வேண்டிய காரணம் இருக்கிறது. போகப் போகச் சொல்லுகிறோம். முதலில் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ளுவோம்.

நம்மூரில் நர்ஸிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் போகிற தனியார் ஆஸ்பத்திரி. அந்த நாட்டில் அப்படியல்ல. எழுந்து நடக்க முடியாத, தானாகச் சாப்பிட முடியாத, நினைவு தப்பிய முதியவர்களை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வைத்துப் பராமரிக்கும் விடுதிக்குத்தான் அங்கே அந்தப் பெயர். இப்படிப்பட்ட விடுதிகளில் சுமார் 70 சதவீதம் லாபத்துக்காக நடத்தப்படுபவை. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏழைகளுக்கான சர்க்கார் வைத்தியத் திட்டத்திலிருந்துதான் பணம் போகிறது. அதாவது, பணம் ஜனங்களுடையது. படுக்கை கிழவருடையது. லாபம் மட்டும் முதலாளியுடையது!

சரி, நடந்தது என்ன? 2017 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. இர்மா என்னும் பெரும் புயல் புளோரிடாவில் கரையேறியது. அன்று பிற்பகலில் அந்த விடுதியின் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. கூரை பறக்கவில்லை. வெள்ளம் புகவில்லை. விளக்குகள்கூட எரிந்தன. குளிர்சாதனம் மட்டும் நின்றது. விடுதியில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது குளிர்சாதனத்தை ஓட்டுவதற்கு ஏற்பட்டதல்ல. அப்படி இருக்க வேண்டும் என்று அன்றைய சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. செப்டம்பர் மாதத்துப் புளோரிடா நம் ஊர் வைகாசியைப் போல. புழுக்கம் வேறு. ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் வீடுகளல்ல அவை. குளிர்சாதனத்தை நம்பியே கட்டப்பட்ட பெட்டிகள்.

விசிறிகளை வைத்தார்கள். வாடகைக்கு எடுத்த சின்னக் குளிர் யந்திரங்களை வைத்தார்கள். இந்த யந்திரம் முன்பக்கம் குளிர்ந்த காற்றை விடும், பின்பக்கம் சூட்டைக் கக்கும். அந்தச் சூட்டைக் குழாய் வைத்துக் கட்டிடத்துக்கு வெளியே தள்ள வேண்டும். இவர்கள் குழாயை மேல்தளத்துக்கடியில் கூரைத் தட்டிக்குள் விட்டார்கள். சூடு எங்கே போகும்? ஸ்பின்னிங் இலாகாவில் நின்று வெந்த தோழர்களிடம் இதைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். மேலே போகும்! மாடியில் படுத்திருந்தவர்களின் முதுகுக்குக் கீழே அடுப்பு மூட்டியது போலாயிற்று.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. புதன் விடியுமுன் ஒருவருக்கு இருதயம் நின்றது என்று அவசர அழைப்புப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். அதற்குப் பிறகு இன்னொருவர். என்ன இது என்று எதிர்வாடை ஆஸ்பத்திரியின் நர்ஸுகள் தெருவைக் கடந்து வந்து பார்த்தார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சில மணி நேரத்தில் சுமார் 140 பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டரை நாளில் முடியாதது சில மணியில் முடிந்தது!

கவர்னரின் டெலிபோன்

விடுதிக்காரர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. டெலிபோன் செய்தார்கள். மின்சாரக் கம்பெனிக்குச் செய்தார்கள். சர்க்கார் இலாகாவுக்குச் செய்தார்கள். புயலுக்கு முன்பு அன்றைய கவர்னர் தமது சொந்த எண்ணையே கொடுத்து, ஆபத்தென்றால் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அதற்கும் செய்தார்கள். பதிவான அந்தக் குரல்கள் பின்னால் அழிக்கப்பட்டுவிட்டன. செய்தியை இலாகாவுக்கு அனுப்பிவிட்டோம், உயிருக்கு ஆபத்தென்று அவர்கள் சொல்லவேயில்லை என்றது கவர்னர் தரப்பு. மின்சாரம் திரும்பக் கொடுக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஆஸ்பத்திரிகளுக்கு முதல் இடம். முதியோர் விடுதிக்கு அந்த இடம் இல்லை. பட்டியல் போட்டது ஜில்லா அதிகாரிகள் என்றது கம்பெனி. விடுதி தானாக வெளியேறியிருக்க வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். சர்க்கார் உதவும் என்று காத்திருந்தோம் என்றது விடுதி.

நம் ஊரில் ஏரி உடைந்தால் பொதுப்பணி இலாகா ரெவின்யூவைக் காட்டும், ரெவின்யூ பஞ்சாயத்தைக் காட்டும். அந்த வித்தையில் அமெரிக்கா நம்மைவிட முன்னேறித்தான் இருக்கிறது போலும்!

நாம் கேட்கிறோம்: கண்ணெதிரே ஆஸ்பத்திரி இருக்கும்போது கவர்னர் எதற்கு? கை ஆட்களும் உருளும் கட்டில்களும் போதுமே? போதும்தான். ஆனால் "காலி செய்" என்று ஒருவர் உத்தரவு போட வேண்டும். காலி செய்தால் செலவு. காலி செய்தால் கெட்ட பெயர். இன்னும் ஒரு மணியில் கரெண்ட் வந்துவிடும் என்ற நப்பாசை. இந்த மூன்றையும் மீறி உத்தரவு போடும் அதிகாரம் இரவு நேர நர்ஸுக்கு எந்தக் காகிதத்திலாவது எழுத்தில் கொடுக்கப்பட்டிருந்ததா?

விலங்கு மட்டும் அவர்கள் கைக்கு வந்தது. 2019 ஆகஸ்டில் போலீஸார் கைது செய்தவர்கள் யார்? விடுதி நிர்வாகி ஒருவர், நர்ஸுகள் 3 பேர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! விடுதியின் சொந்தக்காரர் மீது குற்ற வழக்கு வரவேயில்லை. நர்ஸுகள் மீதான வழக்கு 2022-ல் கைவிடப்பட்டது. 2023 பிப்ரவரியில் நிர்வாகியையும் நீதிபதி விடுதலை செய்தார். 12 கொலை, கொலைகாரன் ஒருவனுமில்லை! நர்ஸுகளைச் சிறையில் போட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. சம்பளத்துக்கு வந்தவர்கள் அவர்கள். டிரான்ஸ்பார்மருக்கு மாற்று ஏற்பாடு செய்யாதவர்கள் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

இதற்குப் பிறகு நடந்த கூத்தையும் கேளுங்கள். பிணங்கள் விழுந்த அதே வாரத்தில் கவர்னர் அவசர விதி போட்டார். 60 நாளுக்குள் எல்லா விடுதியும் குளிர்சாதனத்தை ஓட்டும் ஜெனரேட்டர் வைக்க வேண்டும் என்று. விடுதி முதலாளிகளின் சங்கங்கள் என்ன செய்தன? வழக்குக்குப் போயின! "கால அவகாசம் போதாது, கட்டுப்படியாகாது" என்றன. அவசரம் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை என்று அக்டோபரில் நிர்வாக நீதிபதி அந்த விதியை ரத்து செய்தார். கடைசியில் 2018 மார்ச்சில்தான் சட்டம் வந்தது. மின்சாரம் போனால் 96 மணி நேரத்துக்கு விடுதிக்குள் உஷ்ணம் 81 டிகிரியைத் தாண்டக்கூடாது, அதற்கு வேண்டிய ஜெனரேட்டரும் எண்ணெயும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் கெடு வந்ததும் பல விடுதிகள் அவகாசம் நீட்டி வாங்கிக்கொண்டன. புயல் அவகாசம் கொடுப்பதில்லை!

அதே தேதி, அதே ராஜ்யம்

"இயற்கையின் சீற்றத்துக்கு மனிதன் என்ன செய்வான்?" புயல் அடித்த மறுநாள் எல்லாப் பெரிய பத்திரிகைகளும் இப்படித்தான் தலையங்கம் எழுதுகின்றன. லூயிசியானா ராஜ்யத்தைப் பார்ப்போம். 2005 ஆகஸ்ட் 29-ல் அங்கே கத்ரீனா புயல் வந்தது. செயிண்ட் பெர்னார்டு ஜில்லாவில் ஒரு முதியோர் விடுதி. புயலுக்கு முன்பே ஜில்லா அதிகாரிகள் பஸ் தருகிறோம் என்றார்கள். சொந்தக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். கரை உடைந்து தண்ணீர் வந்தது. 35 முதியவர்கள் மூழ்கி மாண்டார்கள். வழக்கு நடந்தது. கரையைச் சரியாகக் கட்டாத ராணுவ எஞ்சினியர்கள் குற்றவாளிகளில்லையா, கட்டாய வெளியேற்ற உத்தரவு போடாத அதிகாரிகள் குற்றவாளிகளில்லையா என்று எதிர்த்தரப்பு வாதித்தது. 2007-ல் ஜூரிகள் சொந்தக்காரர்களை விடுதலை செய்தார்கள். அந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுவோம். கரை உடைந்தது மெய். ஆனால் பஸ் வந்தது பொய்யா?

இதற்குப் பிறகு விடுதிகளெல்லாம் அபாய காலத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் விரிவான விதி கொண்டுவந்தது. எப்போது? 2016-ல்! 11 வருஷம் கழித்து! அது அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். ஹாலிவுட் சாவுகளுக்கு இரண்டு மாதம் பின்னால்.

சரி, திட்டம் வந்துவிட்டது. சாவு நின்றதா? 2021 ஆகஸ்ட் 29. தேதியைக் கவனியுங்கள். கத்ரீனா வந்து சரியாக 16 வருஷம். அதே லூயிசியானா. ஐடா என்ற புயல். ஒரே முதலாளிக்குச் சொந்தமான 7 விடுதிகள். அவற்றிலிருந்த 800-க்கும் மேற்பட்ட முதியவர்களை ஒரு கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். ஆமாம், சரக்குக் கிடங்கு! கிடங்கு இருந்த ஊரின் பெயர் "சுதந்திரம்" என்று பொருள்படும் இண்டிபெண்டன்ஸ். தரையில் மெத்தை. மெத்தைக்கடியில் தண்ணீர். கக்கூஸ் போதவில்லை. நாற்றம் தாங்கவில்லை. பார்வையிட வந்த சர்க்கார் சுகாதார அதிகாரிகளை உள்ளே நிற்க விடாமல் விரட்டினார் முதலாளி. பிறகு சர்க்காரே புகுந்து எல்லோரையும் வேறிடத்துக்கு மாற்றியது. அந்த நாட்களிலும் அடுத்து வந்த நாட்களிலும் 15 பேர் இறந்தார்கள்.

காகிதத்தைப் பாருங்கள்: அபாய காலத் திட்டம் இருந்தது! வெளியேற்றம் நடந்தது! விதிப்படி எல்லாம் "சரி"! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் ஆளையே கொன்றது. அந்த முதலாளிக்கு 2024-ல் கிடைத்த தண்டனை என்ன? 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை. ரேஷன் அரிசி ஒரு மூட்டை திருடினவனுக்கு இந்தத் தயவு எந்தக் கோர்ட்டிலாவது கிடைக்குமா?

வெளியேற்றுவதுதான் ஒரே வழி என்று நாம் சொல்லவில்லை. சிலர் அப்படி நினைக்கிறார்கள், அது தவறு. படுத்த படுக்கையாக இருக்கும் 85 வயதுக் கிழவியை 10 மணி நேரம் பஸ்ஸில் வைத்தால் அந்தப் பிரயாணமே அவள் உயிரைக் குடித்துவிடும். 2005 செப்டம்பரில், கத்ரீனா வந்த மறு மாதமே, ரீட்டா என்ற புயல் டெக்ஸாஸ் ராஜ்யத்தை நோக்கி வந்தது. பயந்துபோய் எல்லோரும் ஒரே நாளில் ஓடினார்கள். ஹூஸ்டனுக்குப் பக்கத்திலிருந்து முதியோர் விடுதிக்காரர்களை ஏற்றிச் சென்ற ஒரு பஸ், டல்லாஸ் போய்ச் சேருவதற்கு முன் தீப்பிடித்தது. உள்ளே பிராணவாயு உருளைகள் இருந்தன. 23 பேர் கருகினார்கள். தீ எப்படிப் பிடித்தது? சக்கரத்தின் பேரிங்கில் போதிய மசகு இல்லை. காய்ந்து, சூடேறி, டயர் பற்றிக்கொண்டது. மெஷினுக்கு எண்ணெய் விடுகிற தொழிலாளி இதன் அர்த்தத்தை ஒரு நொடியில் புரிந்துகொள்வான். ஒரு கை மசகெண்ணெய்! அதன் விலை என்ன?

ஆகவே, இருந்த இடத்திலேயே தாக்குப்பிடிக்கவும் ஏற்பாடு வேண்டும், அவசியமானால் பத்திரமாகப் போகவும் ஏற்பாடு வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு. இரண்டுக்கும் ஆட்கள் வேண்டும்.

ஜப்பானில் முதலாளித்தனம் இதைவிட ஒழுங்கானது என்று புகழ்கிறவர்கள் உண்டு. அங்கே ஒத்திகையெல்லாம் முறையாக நடத்துகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 2016 ஆகஸ்ட் கடைசியில் இவைசுமி என்ற ஊரில் ஆறு பெருகி ஒரு முதியோர் விடுதியில் 9 பேர் மாண்டார்கள். காலையிலேயே "வெளியேற ஆயத்தமாகுங்கள்" என்று அறிவிப்பு வந்திருந்தது. முதியோர் அப்போதே புறப்பட வேண்டும் என்பது அதன் அர்த்தம். அந்த அர்த்தம் விடுதிக்குத் தெரியவில்லை! பக்கத்திலேயே அதே நிர்வாகத்தின் மூன்றடுக்குக் கட்டிடம் நின்றது. சாயங்காலம் வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகுதான் அறிவிப்பின் வாசகத்தை எல்லோருக்கும் புரிகிறபடி மாற்றினார்கள். 2020 ஜூலையில் குமா நதிக் கரையில் இன்னொரு விடுதி. இங்கே திட்டம் இருந்தது, ஒத்திகை நடந்திருந்தது. அக்கம்பக்கத்து ஜனங்களே ஓடி வந்தார்கள். லிப்ட் இல்லை. நாற்காலியோடு, படுக்கையோடு, ஒவ்வொருவராக மாடிக்குத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பெரும்பாலோரைக் காப்பாற்றிவிட்டார்கள். 14 பேருக்கு மட்டும் கை எட்டுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. கூலி வாங்காமல் வந்து சுமந்த அந்த ஊர் ஜனங்களுக்கு நமது வணக்கம். ஆனால் இரண்டு ஆறு கூடுகிற இடத்தில், லிப்ட் இல்லாத கட்டிடத்தில், நடக்க முடியாதவர்களைக் குடியேற்ற அனுமதி கொடுத்தது யார்?

நம் வாசலிலும் இந்தக் கதை நிற்கிறது

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஓட முடியாதவர்களை ஒரு கூரைக்குள் அடைத்து வைத்து, ஆபத்து வந்தபோது விட்டுவிட்ட கதை நமக்குப் புதிதா? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை எரிந்தது. உள்ளே மனநோயாளிகள், காலில் சங்கிலி. 28 பேர் கட்டிய இடத்திலேயே கரிக்கட்டையானார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் தண்ணீர் புகுந்து மின்சாரம் நின்றது. அந்த நாட்களில் அங்கே 18 நோயாளிகள் இறந்தார்கள் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. தண்ணீர் வந்தால் முதலில் மூழ்குகிற மட்டத்தில் மின்சார யந்திரம்! இதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டு நிபுணர் வேண்டுமா?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. ஒவ்வொரு ஜில்லாவிலும் ஏழை முதியோர் 150 பேருக்காவது இடமுள்ள ஓர் இல்லம் சர்க்கார் அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்றுதான் சட்டம். "அமைக்க வேண்டும்" என்றல்ல! ஒரே ஒரு விகுதியில் எத்தனை கோடி மிச்சம் பாருங்கள். சர்க்கார் விட்ட இடத்தைத் தனியார் பிடித்துக்கொண்டார்கள். கோயமுத்தூரைச் சுற்றிப் பணமுள்ள முதியோருக்கான வீடுகள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. பணமில்லாதவர்களுக்கு ஊர்க்கோடியில் தகரக் கூரை இல்லங்கள். இரண்டிலும் இரவு விழித்திருப்பது யார்? ஆலை மூடியதால் வேலை போன தொழிலாளி வாட்ச்மேனாக. நடவு வேலை இல்லாத நாளில் வந்த பெண் ஆயாவாக. உங்கள் மனைவி, உங்கள் தங்கை, உங்கள் மகள்! ஹாலிவுட் கதை நமக்கும் உண்டு என்று சொன்னது இதனால்தான். கட்டிலில் படுத்திருப்பதும் நம் ஜனங்கள், நாளைக்கு அந்தச் சாவுகளுக்குப் பழி சுமக்கப்போவதும் நம் ஜனங்கள்.

ராத்திரி 2 மணிக்கு வெள்ளம் வந்தால் 40 பேரை 2 ஆயாக்கள் எப்படித் தூக்குவார்கள்? அபாய காலத் திட்டம் என்று 50 பக்கம் எழுதி அலமாரியில் வைத்திருந்தாலும் இந்தக் கேள்விதான் கேள்வி. அமெரிக்காவில் இதற்கு ஒரு பதில் வரும் போல இருந்தது. ஒவ்வொரு விடுதியிலும் குறைந்தது இத்தனை ஆட்கள் இருக்க வேண்டும், 24 மணி நேரமும் ஒரு தகுதி பெற்ற நர்ஸ் இருக்க வேண்டும் என்று 2024-ல் மத்திய சர்க்கார் விதி போட்டது. முதலாளிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2025 ஏப்ரலில் டெக்ஸாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஜெனரேட்டரும் கட்டுப்படியாகாது, ஆட்களும் கட்டுப்படியாகாது! கட்டுப்படியாவது எது?

நமது கோரிக்கைகள் பெரியவையல்ல. ஜெனரேட்டர் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அது மின்விசிறியையும் தண்ணீர் மோட்டாரையும் லிப்டையும் ஓட்ட வேண்டும். 4 நாளுக்கு டீசல் கையிருப்பு வேண்டும். இரவு ஷிப்டில் படுக்கை எண்ணிக்கைக்குத் தக்க ஆட்கள் வேண்டும். அவர்களுக்குச் சட்டப்படியான சம்பளம் வேண்டும், ஏனெனில் மாதத்துக்கு மாதம் ஆள் மாறுகிற இடத்தில் ஒத்திகைக்கு அர்த்தமில்லை. ஆபத்து என்று கண்டால் வெளியேற உத்தரவு போடும் அதிகாரம் அப்போது பணியிலிருக்கும் நர்ஸுக்கோ ஆயாவுக்கோ எழுத்தில் வேண்டும். அப்படிப் போட்டதற்காக வேலை போகக்கூடாது. மின்சார வாரியத்தின் முன்னுரிமைப் பட்டியலில் ஆஸ்பத்திரிகளோடு முதியோர் இல்லங்களும் சேர வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது மழைக்காலம் தொடங்குமுன் ஒத்திகை வேண்டும். பகலில் கலெக்டருக்காக நடத்தும் ஒத்திகை போதாது. ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு நடத்த வேண்டும்.

ஐப்பசி பிறக்குமுன் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள முதியோர் இல்லத்துக்கு நாலு பேராகப் போங்கள். உள்ளே வேலை செய்யும் பெண்களிடம் முதலில் பேசுங்கள். பிறகு நிர்வாகியிடம் கேளுங்கள். ராத்திரி எத்தனை ஆட்கள்? டீசல் எத்தனை நாளுக்கு? தண்ணீர் வந்தால் எந்தக் கட்டிடத்துக்குப் போவீர்கள், அந்தக் கட்டிடத்துக்காரருக்கு அது தெரியுமா? வண்டி யாருடையது? அந்த வண்டியின் சக்கரத்துக்குக் கடைசியாக கிரீஸ் போட்டது எந்தத் தேதி?